பழைய காரின் கெட்ட மணம்: போக்கப் போய்ப் பெருக்கிவிடும் தவறுகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை, ஏற்கெனவே ஓடித் தேய்ந்த கார்கள்தான். நேரத்துக்கு ஓயில் மாற்றி, ரயர் மாற்றி வைத்திருப்பவர்கள்கூடக் கார்பெற்றை ஒருமுறையாவது தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். மணம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

முதலாவது தவறு, கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்துவிட்டு வாசனைப் போத்தல் வாங்கப் போவது. மல்லிகை மணமும் பூஞ்சண மணமும் ஒன்றையொன்று அழிப்பதில்லை, இரண்டும் சேர்ந்து தலையிடியைத்தான் தரும். அதைவிடக் கேடு, எங்கிருந்து மணக்கிறது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாமல் போய்விடும். ஆகவே, உள்ளே இருக்கும் வாசனைப் பொருட்கள் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். காரை ஓர் இரவு முழுக்கப் பூட்டி வையுங்கள். காலையில் ஒரு கதவை மட்டும் திறந்து குனிந்து முகருங்கள். மூக்கு ஒரு மணத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும், முதல் அரை நிமிடம்தான் உண்மையைச் சொல்லும். வெளியே வந்து நல்ல காற்றில் நின்றுவிட்டு அடுத்த கதவுக்குப் போங்கள். சீற்றுக்குக் கீழ், முன் இருக்கையின் கால் வைக்கும் இடம், டிக்கியில் ஸ்பெயர் வீல் கிடக்கும் குழி, ஏ.சி. காற்று வரும் வாய் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தக் காரில் தினமும் போகாத ஒருவரையும் கூப்பிட்டு முகரச் சொல்வது நல்லது.

இனி, பெரிய தவறு. கார்பெற்றின் மேற்பரப்பைக் கழுவி, வெயிலில் விட்டு, காய்ந்துவிட்டது என்று நம்புவது. கார்பெற்றின் அடியில் விரல் தடிப்புக்குக் கம்பளிக் கழிவு, சணல் அல்லது ஸ்பொஞ்சுப் படை இருக்கும். அது தண்ணீரைக் குடித்தால் மேல் துணி காய்ந்த பிறகும் கிழமைக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பழைய பத்திரிகையை நான்காக மடித்துக் கார்பெற்றில் வைத்து, குதிக்காலால் ஒரு நிமிடம் அழுத்தி மிதித்துப் பாருங்கள். தாள் நனைந்தால் மேலே எதைத் தெளித்தும் பயனில்லை. சீற்றைக் கழற்றி, கார்பெற்றைத் தூக்கி, அடியிலுள்ள படையை வெளியே எடுக்கத்தான் வேண்டும்.

யப்பான் கார்களில் சீற்றுக்குப் பெரும்பாலும் நான்கு 14 மில்லிமீற்றர் போல்ற்றுகள். சீற்றின் கீழ் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அது எயார்பாக்குடையது. பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய ஆங்கிலக் கார்களில் மில்லிமீற்றர்ச் சாவி பொருந்தாது. பொருந்தும்போல் இருப்பதைப் போட்டுத் திருகினால் துருப்பிடித்த போல்ற்றின் தலை வழுக்கிப் போகும். அவற்றின் சீற்றுகள் தும்பு வைத்து மறுபடி தைக்கப்பட்டவையாக இருந்தால், மணம் தும்பிலேயே ஊறியிருக்கும். உறையைக் கழுவுவது வீண் வேலை, தும்பை மாற்றுங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்று பார்க்காமல் காய வைப்பது அடுத்த பிழை. இங்கே கார் நிற்பது பெரும்பாலும் வேம்பின் கீழ் அல்லது மாமரத்தின் கீழ். முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் பொருத்திய பள்ளத்தில் வேப்பம் பூவும் சருகும் விழுந்து, தண்ணீர் இறங்கும் துளைகளை அடைத்துவிடும். மாரி தொடங்கியதும் அந்தப் பள்ளம் நிரம்பி, காற்று உள்ளே போகும் வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். ஐப்பசிக்கு முன்னரே அதைக் கையால் வழித்து எடுத்துவிடுங்கள். கதவுகளின் அடி விளிம்பிலுள்ள சிறு துளைகள், டிக்கி றப்பர், பின் லைற்றின் றப்பர், வெடித்துப்போன கண்ணாடி றப்பர் ஆகியவையும் சந்தேகத்துக்கு உரியவை. ஒருவர் உள்ளே ரோர்ச்சுடன் இருக்க, மற்றவர் ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே போங்கள். மேலே தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஒழுகும் இடம் பிடிபடாது.

கார்த்திகை, மார்கழியில் சீற்றுகளை ஷம்பூ போட்டுக் கழுவாதீர்கள். அந்த ஈரக் காற்றில் அவை காயவே காயாது, இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் ஒழுக்கை அடைத்து, படையை வெளியே எடுத்து வைத்தால் போதும். பங்குனி வெயிலும் அதற்குப் பிறகு வரும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றும்தான் கழுவும் காலம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்துவதும் காய வைப்பது ஆகாது. பகலில் ஆவியாகும் ஈரம் வெளியே போக வழியின்றி இரவில் திரும்பவும் துணியில் இறங்கும். நான்கு கதவுகளும் திறந்திருக்க வேண்டும், காற்று ஊடறுத்துப் போக வேண்டும். கடைசி அலசலுக்குச் சவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். துணியில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அடித் தகட்டையும் அரிக்கும். நன்னீரோ பிடித்து வைத்த மழைநீரோ நல்லது.

ஏ.சி. போட்ட முதல் நிமிடத்தில் மட்டும் ஈரச் சாக்கு மணம் வந்தால், குற்றம் கார்பெற்றில் இல்லை. டாஸ்போட்டுக்குள் இருக்கும் குளிர்ச்சுருளில் ஊத்தை படிந்து பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது. பத்து நிமிடம் ஏ.சி. ஓடிய பிறகு காரின் கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். புழுக்கமான நாளில் சொட்டாவிட்டால் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது, அந்தத் தண்ணீர் உள்ளேதான் இறங்குகிறது. இதைத் திறக்கக் கொம்பிரசர் காற்றைப் பலமாக அடித்தால் குழாய் உள்ளே கழன்றுவிடும், மெல்லிய பிளாஸ்ரிக் குழாயை மெதுவாகச் செலுத்துவதே போதும். ஏ.சி. காற்றை வடிக்கும் பில்ரர் பெரும்பாலும் முன்பக்கத்துச் சிறு பெட்டியின் பின்னால் இருக்கும். கடதாசி பில்ரரைக் கழுவி ஈரத்தோடு திரும்பப் போடுவது பூஞ்சணத்துக்குப் பாய் விரிப்பதுதான். சில கார்களில் அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும், சருகு நேரே சுருளுக்குப் போகும். வீடு வருவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பு ஏ.சி.யை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிடும் பழக்கம் சுருளைக் காய வைக்கும்.

எல்லா மணத்துக்கும் அப்பச்சோடா என்பது பரவலான நம்பிக்கை. பால், தயிர், குழந்தை வாந்தி போன்றவற்றின் புளித்த மணம் அமிலங்களால் வருவது. அப்பச்சோடா காரம், அதனால் அங்கே வேலை செய்யும். ஆனால் குருநகரிலோ பாசையூரிலோ வாங்கிய மீனின் தண்ணீர் பையிலிருந்து ஒழுகி டிக்கியில் ஊறினால் வரும் வெடில், அமீன் என்ற காரப் பொருட்களால் வருவது. அதற்கு அமிலம் வேண்டும். ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, கால் மணித்தியாலம் விட்டு, நன்னீரால் ஒற்றி எடுங்கள். நிறமற்ற வினாகிரியாக இருக்கட்டும், தென்னை வினாகிரி கறை வைக்கும். தேசிக்காய்ச் சாறு பிழியாதீர்கள், அதன் பிசுக்குக்கு எறும்பு வரும். மீன் தண்ணீரில் உப்பும் இருப்பதால் கார்பெற்றின் கீழுள்ள தகட்டையும் கழுவித் துடைக்க வேண்டும்.

பால் சிந்திய இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றினால் புரதம் இறுகி நூலோடு ஒட்டிவிடும். பச்சைத் தண்ணீரால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு என்சைம் கலந்த சலவைத்தூளை ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் கரைத்து நனைத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் ஈரம் காயாமல் வையுங்கள். அலசிக் காய்ந்த பிறகே அப்பச்சோடா, ஒரு சீற்றுக்கு ஏறக்குறைய 200 கிராம். இரவு முழுக்க விட்டுக் காலையில் வக்கூமால் இழுங்கள். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் நுரை வரும், பார்க்க வேலை நடப்பதுபோல் இருக்கும். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து உப்புத் தண்ணீராகிவிடும்.

உயிருக்கே ஆபத்தான தவறுகளும் உண்டு. பிளீச்சுடன் வினாகிரி சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சிறுநீர் ஊறிய இடத்தில் பிளீச் ஊற்றினாலும் நச்சு வாயுதான். சீற் பெல்ற்றின் நெசவையும் பிளீச் பலவீனமாக்கும். சீற்றின் கீழே பூச்சி உருண்டை போடுபவர்கள் பலர். வெயிலில் அடைபட்ட காரில் அதன் ஆவி நிறைந்து நிற்கும். உருண்டையிலுள்ள நப்தலீன், சில குழந்தைகளின் பரம்பரைக் குறைபாடு காரணமாக அவர்களின் செங்குருதிக் கலங்களை உடைக்கக்கூடியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுவதை வெளியே நின்று செய்யுங்கள். தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் காபன் மொனொக்சைட் சேரும், புகையின் பிசின் கூரைத்துணியில் படிந்து அடுத்த மணமாகும். அந்தக் கூரைத்துணியை ஒருபோதும் ஊற நனைக்காதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும். பிழிந்த துணியால் ஒரே திசையில் துடைத்தால் போதும்.

சில மணங்கள் கழுவிப் போகாதவை, கராச்சுக்குப் போக வேண்டியவை. பெற்றோல் மணம் வந்தால் உள்ளே வக்கூமைக்கூடப் போடாதீர்கள், ஒரு பொறி போதும். வெடித்த குழாய், தாங்கி மூடியின் றப்பர் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலமும் இனிப்பு மணமும் சேர்ந்து வந்தால் ஹீற்றரில் கூலன்ற் கசிகிறது. கூழ்முட்டை மணம் என்றால் பற்றரி அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகிறதா என்று அளக்க வேண்டும். புகை மணம் உள்ளே வந்தால், சைலன்சரும் டிக்கி றப்பரும் சரியாகும்வரை அந்தக் காரில் கண்ணாடியை ஏற்றி ஓடக்கூடாது.

நாட்கணக்கில் தடித்துக்கொண்டே போகும் பிண மணம் என்றால் செத்த எலி. விசிறிக் கூடும் பில்ரர் பெட்டியும் அது விரும்பிப் புகும் இடங்கள். ஏ.சி. விசிறியைப் போட்டு மணத்தை விரட்டப் பார்க்காதீர்கள், தூசி முழுக்க முகத்துக்கு வரும். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்தது, அந்தக் கிருமி எலியின் சிறுநீரில் இருப்பது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, டெற்றோல் போன்ற கிருமிநாசினிக் கரைசலால் கூட்டையும் எச்சத்தையும் நன்றாக நனைத்து, பத்து நிமிடம் விட்டு, ஈரமாகவே வழித்து இரட்டைப் பையில் கட்டுங்கள். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டவே கூடாது.

இவ்வளவும் முடிந்து கார்பெற்றைத் திரும்பப் போடும் முன், தண்ணீர் வடியட்டும் என்று அடித் தகட்டில் கழற்றிய றப்பர் மூடிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த மாரியில் வீதி வெள்ளம் அதே துளையால் ஏறும்.