கார் ஏசி கூலாக வரவில்லையா? கேஸ் டப்பாவை எடுக்கும் முன்

யாங்கோனில் சித்திரை வெயில் 37 டிகிரியைத் தொடும்போதுதான் காரில் ஏசி வேலை செய்யவில்லை என்பது உறைக்கும். உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "கேஸ் இறங்கியிருக்கும், கொஞ்சம் ஏத்திக்கோங்க."

பெட்ரோல் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கும். பல வருடங்களில் ரப்பர் குழாய் வழியே கொஞ்சம் போகலாம். ஒரே கோடையில் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

என் மச்சானின் டொயோட்டா ப்ராபாக்ஸ் காரில் ஒரே வருடத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றினார்கள், காசு வாங்கினார்கள், அனுப்பினார்கள். நான்காவது முறை நாங்களே பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ்மூலையை வெள்ளைத் துணியால் துடைத்தோம். தூசியோடு பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியது. கேஸோடு, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெஸரின் ஆயிலும் சேர்ந்து வெளியே வருவதால், எண்ணெய்க் கறை உள்ள இடம்தான் முதல் சந்தேகம். சோப்பு நுரை போட்டதும் குமிழி வந்தது.

கேஸைச் சந்தேகிப்பதற்கும் முன்னால் காசில்லாமல் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, ஏசி போட்டதும் கம்ப்ரெஸர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறதா, ஃப்யூஸ் நன்றாக இருக்கிறதா. மழைக்காலம் முடிந்து மே வரை பறக்கும் தூசி கண்டென்சரை அடைத்தாலே குளிர்ச்சி பாதியாகிவிடும்.

அடுத்த தவறு, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து கேஸ் அளவை முடிவு செய்வது. எஞ்சின் ஓடாதபோது 30 டிகிரியில் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அதே எண்தான், நிறைய இருந்தாலும் அதே எண்தான். எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஜப்பான் கார்களில் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கேஸின் வகையும் கிராம் கணக்கும் இருக்கும். எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். அளவுக்கு மேல் ஏற்றினால் குளிர்ச்சி கூடாது, குறையும். கம்ப்ரெஸரும் கெடும்.

குழாயைத் திறந்து வேலை பார்த்தால் ஓ-ரிங்கை மாற்றுங்கள், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றுங்கள். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் வேக்குவம் பிடிக்க வேண்டும், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சினால் கேஸ் போகும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும்: பம்ப் ஓடும்போது கரண்ட் போனால் பம்ப் ஆயில் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்கப்படலாம். பக்கத்திலேயே நின்று, விளக்கு அணைந்த உடனே கேஜ் செட்டின் வால்வுகளை மூடுங்கள். வேக்குவம் முடிந்ததும் வால்வை மூடிவிட்டு, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது.

ஹைப்ரிட் கார் ஏசியில் சாதாரண கம்ப்ரெஸர் ஆயிலை ஊற்றவே கூடாது. அக்வா, ப்ரியஸ் போன்றவற்றின் கம்ப்ரெஸர் உயர் வோல்டேஜ் மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு என்டி-ஆயில் 11 என்ற தனி ஆயில்தான். வழக்கமான பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெடும். ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அந்தப் பக்கம் கையே வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விலை குறைவு என்று சமையல் கேஸை ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் இருப்பது காரில் நீங்கள் உட்காரும் பகுதிக்குள். அங்கே கசிந்தால், பிள்ளைகள் பின் சீட்டில் இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும்.

கேஸ் டப்பாவை எப்போதும் அழுத்தம் குறைந்த லோ சைடில்தான் இணைக்க வேண்டும். தடித்த, குளிர்ந்த குழாய் அது. அழுத்தம் அதிகமான ஹை சைடில் மாட்டினால் டப்பா வெடிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். திரவம் வெளியே வந்ததும் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும், கண்ணில் பட்டால் உறைய வைத்துவிடும்.

வேலை முடிந்து ஏசியை ஓட விட்டால், காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும். அது கசிவு இல்லை, காற்றிலிருந்த ஈரம். தண்ணீர் உள்ளே, காலடி விரிப்பில் தேங்கினால் மட்டும் வடிகுழாய் அடைத்திருக்கிறது. கீழிருந்து மெல்ல ஊதிவிட்டால் போதும்.