பெயர் மாற்றினால் பிடிஎஃப் ஆகிவிடாது: டிடிபி ஃபைல்களும் மைம் டைப் தவறுகளும்

கல்யாணப் பத்திரிகை ஒன்றை பேஜ்மேக்கர் என்ற டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) மென்பொருளில் அடித்திருந்தார் ஒரு வாடிக்கையாளர். அச்சகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றப் பார்த்தால் "இந்த வகை ஃபைல் ஏற்கப்படாது" என்று வந்தது. உடனே பெயரின் கடைசியில் இருந்த பிஎம்டி-யை அழித்து, பிடிஎஃப் என்று போட்டு ஏற்றிவிட்டார். பக்கமும் வாங்கிக்கொண்டது. மறுநாள் பிளேட் போட உட்கார்ந்தவருக்கு ஃபைல் திறக்கவே இல்லை. அந்த அப்லோட் பக்கத்தை எழுதியவன் நான். தவறு அவருடையது அல்ல, என்னுடையது.

ஒரு ஃபைலுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. பெயரின் வாலாக வரும் எக்ஸ்டென்ஷன் ஒன்று. ஃபைலோடு லேபிள் மாதிரி கூடவே போகும் மைம் டைப் இன்னொன்று. மூன்றாவது, உள்ளே உண்மையில் இருக்கும் பைட்டுகள். 1992-இல் மின்னஞ்சல் இணைப்புகளுக்காக வந்த ஏற்பாடுதான் மைம். 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்பதில் சாய்கோட்டுக்கு முன்னால் பெரிய வகை, பின்னால் குறிப்பான வகை.

நான் செய்த தவறு, பிரவுசர் சொல்லும் டைப்பை அப்படியே நம்பியது. பிரவுசர் ஃபைலைத் திறந்து பார்ப்பதில்லை. பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்துத்தான் லேபிள் ஒட்டுகிறது. அந்த எக்ஸ்டென்ஷனும் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்டிசைன் என்ற இன்னொரு டிடிபி மென்பொருளின் ஃபைலை, அது நிறுவியிருக்கும் அலுவலகக் கணினியில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அந்த மென்பொருள் இல்லாத வீட்டுக் கணினியிலிருந்து அதே ஃபைலை ஏற்றினால் 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று வரும். ஏதோ பைட்டுகள், அவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம். அதை நிராகரித்தால் நேர்மையாக அனுப்புபவரைத்தான் திருப்பி அனுப்புகிறோம்.

ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் ஒரே ஒரு மைம் டைப் பெயரை மட்டும் ஏற்பதும் சிக்கல். குவார்க் எக்ஸ்பிரஸ், ஃபிரேம்மேக்கர் என்ற டிடிபி மென்பொருள்களுக்கு முறையாகப் பதிவான டைப் உண்டு. பேஜ்மேக்கருக்குப் புழக்கத்தில் இருப்பது 'எக்ஸ்-' என்று தொடங்கும் வழக்குப் பெயர். அப்படிப் புதிய பெயர்களை உருவாக்க வேண்டாம் என்று 2012-லேயே பரிந்துரை வந்துவிட்டது. பழையவை இன்னும் புழங்குகின்றன, அவற்றையும் வாங்கத்தான் வேண்டும்.

சரி, உள்ளே பார்ப்போம் என்றால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிடிஎஃப் எளிது: தொடக்கத்திலேயே சதவீதக் குறியும் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் இருக்கும். ஆனால் மைக்ரோசாஃப்டின் பப்ளிஷர், பழைய வேர்டு, பேஜ்மேக்கர் 7 மூன்றும் ஒரே மாதிரி பைட்டுகளில்தான் தொடங்கும், ஏனென்றால் மூன்றுக்கும் வெளிக்கூடு ஒன்றே. இன்டிசைனின் ஐடிஎம்எல், மின்னூலுக்கான இபப், புதிய வேர்டு ஆகியவை எல்லாம் ஜிப் பொட்டலங்கள். முதல் நான்கு பைட்டுகளை மட்டும் பார்த்து முடிவு செய்தால் வேர்டு ஃபைலை மின்னூல் என்று வாங்கிவிடுவோம்.

இபப்பில் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். பொட்டலத்துக்குள் 'மைம்டைப்' என்றே ஒரு சின்ன ஃபைல். அது முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த இபப்பைப் பிரித்துவிட்டு, ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து மறுபடி ஜிப் செய்பவர்கள் நிறைய. அப்போது அந்த வரிசை கலைந்துபோகும். சரிபார்க்கும் கருவி பிழை காட்டும். நாளெல்லாம் தேடினாலும் உள்ளடக்கத்தில் தப்பு கிடைக்காது. முதலில் அந்த ஃபைலைச் சுருக்காமல் சேர்த்துவிட்டு, அப்புறம் மற்றவற்றைச் சேருங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். டிடிபி ஃபைலை 'டெக்ஸ்ட்/பிளெயின்' (வெறும் எழுத்து) என்று சர்வர் அனுப்பினால் திரை முழுக்கக் கிறுக்கலாக வரும். சரியான டைப் தெரியாவிட்டால் ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்றே கொடுத்து, இணைப்பாக இறங்கும்படி, ஃபைலுக்கு முன்னால் சர்வர் அனுப்பும் ஹெடர் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

இப்போது என் பக்கம் எக்ஸ்டென்ஷனையும் உள்ளிருக்கும் பைட்டுகளையும் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால், "இது பிடிஎஃப் இல்லை போலிருக்கிறது, மூல ஃபைலை அப்படியே அனுப்புங்கள்" என்று தமிழிலேயே சொல்கிறது. பேஜ்மேக்கர் ஃபைல் அதன் சொந்தப் பெயரிலேயே வந்து சேர்கிறது.