சின்னக் குழு, மெல்லிய குரல்: ஜாஸ் பாடகிகளைக் கேட்கும்போது செய்யும் தவறுகள்

ஜாஸ் பாடகி என்றதும் பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் ஆகிய மூன்று பேரோடு பலருக்கும் பட்டியல் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டி வருபவர்களிலும் சிலர் ஷீலா ஜோர்டனை இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, ‘என்ன, குரல் எடுபடவே இல்லையே’ என்று நகர்ந்துவிடுவார்கள். கேட்ட விதத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

முதல் குற்றவாளி செல்போன் ஸ்பீக்கர். ஜோர்டனின் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ஷீலா’ ஆல்பம் 1962-ல் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. கிடார், டபுள் பாஸ் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ், அவ்வளவுதான், பியானோகூடக் கிடையாது. அதில் ‘டாட் டேர்’ பாட்டுக்கு ஸ்டீவ் ஸ்வாலோவின் பாஸ் மட்டுமே துணை. சின்ன ஸ்பீக்கரில் பாஸின் அடிநாதம் தேய்ந்துபோய், ஜோர்டன் அந்தரத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சுமாரான ஹெட்போன் போதும்.

அடுத்தது, வாத்தியக்காரர்களைப் பாடகிக்குப் பின்னால் நிறுத்திக் கேட்பது. பக்கவாத்தியம் என்ற நம்முடைய சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ஹெலன் மெரில் 1954-ல் செய்த பதிவில் டிரம்பெட் வாசித்தவர் க்ளிஃபோர்ட் பிரவுன். எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தவர் 21 வயது க்வின்சி ஜோன்ஸ். மெரில் கிசுகிசுப்பதுபோல் ஒரு வரியை விட்டுச் செல்வார், பிரவுன் அதைப் பளீரென்று எடுத்துக்கொண்டு போவார். வாத்தியக்காரர் தனித்து வாசிக்கும் சோலோ வந்ததும் ‘எப்போது மறுபடி பாடுவார்’ என்று முன்னே தள்ளினால் பாதிப் பேச்சு போய்விடும். என்னைக் கேட்டால், ஒரே பாட்டை இரண்டு முறை கேளுங்கள், இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும்.

அட்டைப்படத்தைப் பார்த்து முடிவு கட்டுவது இன்னொன்று. ஜூலி லண்டன் சினிமா நடிகை, அட்டையிலும் கவர்ச்சியாகவே இருப்பார். ஆனால் 1955-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் பார்னி கெஸலின் கிடாரும் ஒரு பாஸும் தவிர வேறு எதுவும் இல்லை. தவறினால் மறைந்துகொள்ள இடமே இல்லாத ஏற்பாடு அது. ஐரீன் க்ரால் எழுபதுகளில் ஆலன் பிராட்பென்டின் பியானோவை மட்டும் நம்பிப் பாடியதும் அப்படித்தான்.

அப்புறம், ஆல்பங்களை எண்ணி ஆளை எடை போடுவது. ப்ளூ நோட் ஆல்பத்துக்குப் பிறகு தன் பெயரில் இன்னொன்றைப் பதிவு செய்ய ஷீலா ஜோர்டனுக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆனது. அதற்காக அவர் பாடுவதை விட்டுவிடவில்லை. பகலில் விளம்பர நிறுவனத்தில் டைப் அடித்துத் தனியாளாக மகளை வளர்த்தார், இரவில் நியூயார்க் கிளப்புகளில் பாடினார்.