கோரியன் துண்டில் பிறை டாலர்: லேத்தில் கடைவது எப்படி?

பெங்களூரில் மாடுலர் கிச்சன் போடும் பட்டறைகளில் 'கோரியன் வேஸ்ட் பீஸ்' என்று கேளுங்கள். அக்ரிலிக்கும் கனிமப் பொடியும் கலந்து செய்யும் சாலிட் சர்ஃபேஸ் பலகை அது; எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அவர்களுக்குக் கோரியன்தான். மேடைக்குப் போடுவது 12 மி.மீ., சுவருக்கு ஒட்டுவது 6 மி.மீ. நமக்கு 6 போதும். 46 மி.மீ. வட்டம் அந்தக் கனத்தில் சுமார் 17 கிராம் வரும். 12 என்றால் இரட்டிப்பாகிக் கழுத்தை இழுக்கும். முதல் டாலருக்கு வெளிர் நிறமே நல்லது. கறுப்பில் ஒவ்வொரு கீறலும் வெளுத்துத் தெரியும்.

வாங்கும்போதே ஓரத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். சீவல் வந்தால் சரி. வராவிட்டால் அது குவார்ட்ஸ் என்ற செயற்கைக் கல், லேத் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அதன் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. கோரியன் தூசிக்கும் என்-95 மாஸ்க் வேண்டும்.

48 மி.மீ. வட்டமாக அறுத்துக்கொள்ளுங்கள். 75 மி.மீ. பிளைவுட் வட்டத்தை ஃபேஸ்பிளேட்டில் (லேத்தில் சுழலும் உலோகத் தட்டு) திருகி, முகத்தைச் சமமாகக் கடைந்து, இரண்டு பரப்பையும் ஸ்பிரிட்டால் துடைத்து டபுள் சைட் டேப்பால் ஒட்டுங்கள். பெங்களூரின் ஹார்டுவேர் கடைத்தெருவான எஸ்.ஜே.பி. ரோட்டில் டேப் கேட்டால் ஃபோம் டேப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். வேண்டாம், அது நசுங்கும், துண்டு ஆடும். மெல்லிய துணி டேப்தான் பிடிக்கும். வைஸில் 5 நிமிடம் அழுத்தி வையுங்கள்.

நடுவில் மரக்கட்டை கொடுத்து டெயில்ஸ்டாக்கால் (லேத்தின் எதிர்முனைத் தாங்கி) அழுத்தித் தாங்கி, 1000 ஆர்.பி.எம்.மில் விளிம்பை 46-க்குக் கொண்டுவாருங்கள். எனக்குப் பிடித்தது வட்டமுனை கார்பைடு ஸ்கிரேப்பர், அதாவது சுரண்டிக் கடையும் உளி. பிடியைச் சற்றுத் தூக்கி, முனையைத் தாழ்த்திப் பிடியுங்கள். தேங்காய்த் துருவல் போல வர வேண்டும். மாவாகக் கொட்டினால் முனை மழுங்கிவிட்டது.

பலரும் சறுக்கும் இடம் அடுத்ததுதான். பிறை விழ, துண்டைக் கழற்றி, மையத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி மறுபடி ஒட்ட வேண்டும். ஆனால் ஒட்டியதும் மையக்குறி அடியில் மறைந்துவிடும். அதனால் விளிம்பை வைத்து அளவெடுங்கள்: பிளைவுட் மையம் வழியாக ஒரு கோடு, அதில் ஒரு பக்கம் 29, மறுபக்கம் 17 மி.மீ.யில் குறி. துண்டின் விளிம்பு இரண்டையும் தொட்டால் சரியாக 6 தள்ளியிருக்கிறது. புது டேப்பே போடுங்கள்.

இப்போது டெயில்ஸ்டாக் கிடையாது. கையால் ஒரு சுற்று சுழற்றிப் பார்த்துவிட்டு 700-ல் ஓட்டுங்கள். வெளியே வீசும் விளிம்பு கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும்; விரல் அங்கே போகக் கூடாது. நடுவிலிருந்து 14 மி.மீ. ஆரத்துக்குள், 2.5 மி.மீ. ஆழத்துக்குக் குழியுங்கள். ஒரு பக்கம் 3 மி.மீ. ஓரம், எதிரே 15 மி.மீ. என்று பிறை தானாக விழும்.

உப்புத்தாள் 240, 400, 600, 1000. தாளை லேசாக நனைத்து, மெதுவான வேகத்தில். சென்னபட்டணப் பொம்மையில் அரக்கை உருக்கிப் பூசுவதே உராய்வின் சூடுதான். இங்கே அதே சூடு டேப்பை இளக்கித் துண்டைப் பறக்கவிடும். லேத்தை நிறுத்தித் தொட்டுப் பாருங்கள், சுட்டால் ஆறவிடுங்கள்.

கழற்ற ஸ்குரூடிரைவரால் நெம்பினால் 3 மி.மீ. ஓரம்தான் முதலில் உடையும். ஹேர் டிரையரால் சூடு காட்டி மெல்லத் திருகுங்கள். பிறகு அகன்ற பக்கம், விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே, அடியில் மரத்துண்டு வைத்து 2 மி.மீ. துளை. மரம் வைக்காவிட்டால் பின்பக்கம் பெயரும்.

பிற்சேர்க்கை: பின்பக்கப் பசை போகவில்லை என்று கேட்டவர்களுக்கு: தேங்காயெண்ணெய் தடவிப் 10 நிமிடம் விட்டு, துணியால் உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.