மீன் பேருக்குப் பின்னாடி இருக்குற ஆளையும் அடைப்புக்குறியையும் படிக்கிறது எப்படி

காடஸ் மோர்ஹுவா லின்னேயஸ், 1758. அட்லாண்டிக் காட் மீனோட முழு அறிவியல் பேரு இதுதான். நிறைய பேர் முதல் ரெண்டு வார்த்தையோட நிறுத்திடுறாங்க, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க, கதையே அங்கதான் இருக்கு. முதல் வார்த்தை பேரினம் (நெருங்கின சொந்தமான இனங்களோட கூட்டம்), ரெண்டாவது அந்த இனத்துக்கு உள்ள சொல்லு, அடுத்து அதை முதன்முதலா முறையா விவரிச்சு எழுதினவர், அப்புறம் அது அச்சுல வந்த வருஷம்.

இப்ப ஹேடாக் மீனை எடுத்துக்குங்க: மெலனோகிராமஸ் எக்லிஃபினஸ் (லின்னேயஸ், 1758). அதே ஆளு, அதே வருஷம், ஆனா அடைப்புக்குறி வந்துடுச்சு பாருங்க. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதையும் காடஸ்லதான் சேர்த்திருந்தார், பின்னாடி வந்தவங்க வேற பேரினத்துக்கு மாத்திட்டாங்க, அப்படி மாத்தினா முதல்ல எழுதினவர் பேரு அடைப்புக்குறிக்குள்ள போயிடும். ரெண்டு மீனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் முதுகுல மூணு துடுப்பு, அடியில ரெண்டு, தாடையில குட்டி மீசை, ஆனா காட் மீனுக்கு பக்கவாட்டுக் கோடு வெளிறிக் கிடக்கும், ஹேடாக்குக்கு அது கருகருன்னு ஓடும், தோள்பட்டைக்கிட்ட மை தொட்ட விரலை வச்சு அழுத்தின மாதிரி ஒரு மச்சம் வேற இருக்கும். மெலனோகிராமஸ்னாலே கறுப்புக் கோடுன்னுதான் அர்த்தம்.

அடைப்புக்குறி போட்டா போட்டதுதான்னு நினைச்சுடாதீங்க. வடக்கு பசிபிக்ல பிடிக்கிற அலாஸ்கா பொல்லாக் (நண்டுக் குச்சின்னு விக்கிறாங்களே, அதுல பெரும்பாலும் இந்த மீன்தான்) ரொம்ப காலம் தெராக்ரா சால்கோகிராமா (பல்லாஸ், 1814)ன்னு இருந்துச்சு. டிஎன்ஏ பாத்தப்ப இது காட் மீனுக்கு நெருங்கின சொந்தம்னு தெரிஞ்சு காடஸுக்கே திரும்பக் கொண்டுவந்தாங்க, பல்லாஸ் முதல்ல வச்ச இடமும் அதேதான், அதனால அடைப்புக்குறி போயிடுச்சு: காடஸ் சால்கோகிராமஸ் பல்லாஸ், 1814. பழைய புத்தகத்துல ஒண்ணு, புதுசுல ஒண்ணு இருந்தா அச்சுப் பிழைன்னு எடுத்துக்காதீங்க.

வருஷத்தையும் கவனிங்க. விலங்குப் பேர்களுக்கு 1758தான் தொடக்கம், அதுக்கு முன்னாடி வச்ச மீன் பேரு எதுவும் கணக்குல வராது. இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் பீட்டர் ஆர்டெடி. லின்னேயஸோட நண்பர், மீன்களை வகை பிரிக்கிறதுக்கு அடித்தளம் போட்டவரே அவர்தான், 1735ல ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ல விழுந்து இறந்துட்டார், முப்பது வயசுதான். அவர் எழுதி வச்சதை லின்னேயஸ்தான் 1738ல அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆனா விதிப்படி ஆர்டெடி பேரு எந்த மீனுக்குப் பின்னாடியும் வராது. லின்னேயஸ், 1758ன்னு படிக்கிறப்பல்லாம் இவரையும் நினைச்சுக்குங்க.

இன்னொண்ணு, பேருக்குள்ள இருக்குற ஆளும் விவரிச்ச ஆளும் வேற வேற. அண்டார்டிக் டூத்ஃபிஷ், டிஸ்ஸோஸ்டிகஸ் மாசோனி நார்மன், 1937. மாசன் அங்க பயணம் போன ஆஸ்திரேலியர், மீனை விவரிச்சு எழுதினது நார்மன். சந்தேகம் வந்தா இணையத்துல இருக்குற மீன் தகவல் தளமான ஃபிஷ்பேஸ்லயோ, மீன் பேர்களைத் தொகுத்து வச்சிருக்குற எஷ்மேயர் பட்டியல்லயோ தேடுங்க, ரெண்டும் இலவசம்தான், முதல்ல எந்தப் பேரினத்துல வச்சாங்கன்னும் அங்க இருக்கும்.