போர்வெல் தண்ணீரைச் சுத்தமாக்கினால் எவ்வளவு மிச்சம்?

சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் எங்கள் தெரு. கணக்குப் போட முதலில் வீடு வீடாகக் கேளுங்கள்: கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு, தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினில் மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) மாற்ற எவ்வளவு? மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்களின் நேரத்துக்கும் கூலி போடுங்கள். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு மாதம் 900 ரூபாய் என்று வைத்தால், 200 வீட்டுக்கு ஆண்டுக்கு 21,60,000. நிலத்தடி நீர் சுத்தமான பிறகும் தொடரும் செலவைக் கழித்துவிடுங்கள். மிச்சமாகும் மருத்துவச் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பலன் வர வருஷமாகும். 6 சதவீத வட்டியில் பத்தாம் ஆண்டின் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 56தான். தண்ணீர் நன்றானதால் வாடகை ஏறுவதையும் இதோடு கூட்டாதீர்கள், அதே பலனை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.