ஹெர்ஸ்பெர்க்கைக் காட்டி இன்கிரிமென்டை வெட்டாதீர்கள்

போன மாதம் ஒரு தொழிற்சாலையில், புதிதாகச் சேர்ந்த ஹெச்.ஆர். தம்பி ஒருவர் சூப்பர்வைசர்களுக்கு வகுப்பெடுத்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். மூன்றாவது ஸ்லைடில், மனிதத் தேவைகளை ஐந்து படியாக அடுக்கிச் சொன்ன உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடு. ஐந்தாவதில், வேலையில் எது திருப்தி தருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கின் பெயரில், கொட்டை எழுத்தில் 'பணம் ஊக்கம் தராது'. இருபது வருடத்துக்கு முன் நான் போட்டுக் காட்டிய அதே வரி! பெயரைத் தப்பாகச் சொல்வது, வருடத்தை மாற்றுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். சொன்ன கருத்தையே தப்பாகப் புரிந்துகொள்வது அப்படிப் போவதில்லை.

பிரமிடை மாஸ்லோ வரையவில்லை

1943-ல் வந்த அவருடைய கட்டுரையில் முக்கோணமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது. படத்தைப் பார்த்தால் கீழ்ப்படி முழுக்க நிறைந்த பிறகுதான் மேல்படி என்று தோன்றும். அவரோ, பெரும்பாலோருக்கு எல்லாத் தேவைகளும் கொஞ்சம் நிறைந்தும் கொஞ்சம் நிறையாமலும் இருக்கும் என்று எழுதினார். ஒரு பேச்சுக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன் ஆற்றலை முழுதாக வெளிக்கொணர்வது 10 என்று கணக்கும் போட்டுக் காட்டினார். வாடகை பாக்கி வைத்திருப்பவருக்கும் மரியாதை வேண்டும்தானே.

'சம்பளம் முக்கியமில்லை என்று ஹெர்ஸ்பெர்க் சொன்னார்'

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். காரணம், இதை வைத்து நானே ஒரு தொழிற்சாலையைக் கெடுத்திருக்கிறேன்.

பம்ப் உதிரிபாகம் செய்யும் இடம். வெல்டர்கள் இன்கிரிமென்ட் கேட்டார்கள். நான் முதலாளியிடம் போய், சம்பளம் வெறும் 'சுகாதாரக் காரணி', பாராட்டுதான் ஊக்கம் தரும் என்று விளக்கினேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இன்கிரிமென்ட் நின்றது; 'இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி' வந்தது. நோட்டீஸ் போர்டில் போட்டோ, கையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். முதல் மாதம் விருது வாங்கிய அண்ணன் டிபன் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இந்த போட்டோவ ஸ்கூல்ல காட்டுனா ஃபீஸ் குறைப்பாங்களா?"

ஆறு மாதத்தில் 11 வெல்டர்கள் போய்விட்டார்கள். அந்த அண்ணனும்தான். புது ஆட்கள் கை பழகும்வரை ரிஜெக்ட் ஆன சரக்குக்குச் செலவானதில், கேட்ட இன்கிரிமென்டைத் தாராளமாகக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம்தான் ஹெர்ஸ்பெர்க்கை ஒழுங்காகப் படித்தேன். 1959-ல் வந்த ஆய்வு அது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களிடமும் கணக்கர்களிடமும், வேலையில் மிகவும் நன்றாக உணர்ந்த சமயத்தையும் மிகவும் மோசமாக உணர்ந்த சமயத்தையும் சொல்லச் சொன்னார்கள். சாதித்தது, பாராட்டு, பொறுப்பு எல்லாம் நல்ல கதைகளில் அதிகம் வந்தன. நிர்வாகக் கெடுபிடி, மேற்பார்வை எல்லாம் கெட்ட கதைகளில். சம்பளம் இரண்டு பக்கமும் வந்தது என்பதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

சுகாதாரம் என்ற பெயரே விளக்கம்தான். சாக்கடையைச் சுத்தம் செய்தால் உடம்பு பயில்வானாகிவிடாது. ஆனால் அடைத்துக்கொண்டால் ஊருக்கே காய்ச்சல். சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், அதைப் பாராட்டால் ஈடுகட்ட முடியாது என்பதுதான் அவர் சொன்னது. நான் சாக்கடையை அடைத்துவிட்டு வைட்டமின் மாத்திரை கொடுத்தேன்.

இன்னொன்று: அவர் பேசியது மேஜை வேலைக்காரர்களிடம். வெல்டிங் ஷாப்பில் அதை அப்படியே ஒட்டவைத்தது என் தவறு. நன்றாக நடந்தால் 'நான் செய்தேன்' என்றும், கெட்டுப்போனால் 'கம்பெனி சரியில்லை' என்றும் சொல்வது மனித சுபாவம். அந்தக் கதைகளை அப்படியே நம்பலாமா என்று அப்போதே விமர்சகர்கள் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

தியரி எக்ஸ், தியரி ஒய்

இவை ஊழியர்களின் இரண்டு ரகம் என்று நினைக்காதீர்கள். ஆட்களை விரட்டினால்தான் வேலை செய்வார்கள் என்பது எக்ஸ், தாமாகவே பொறுப்பெடுத்துச் செய்வார்கள் என்பது ஒய்: மேலாளர் தலைக்குள் இருக்கும் இந்த இரண்டு அனுமானங்களைத்தான் நிர்வாகவியல் பேராசிரியர் மெக்கிரிகர் சொன்னார்.

ஹாதார்ன்

சிகாகோ அருகே இருந்த டெலிபோன் சாதனத் தொழிற்சாலை இது; வேலைச் சூழலை மாற்றினால் உற்பத்தி என்ன ஆகிறது என்று அங்கே சோதித்தார்கள். அதை 'கவனித்தாலே உற்பத்தி கூடும்' என்று முடித்துவிடாதீர்கள். ரிலே என்ற டெலிபோன் பாகத்தைப் பொருத்தும் அறையில் நடந்த சோதனையில் ஐந்து பெண்களுக்குக் கூலி கணக்கிடும் முறையே மாற்றப்பட்டது. நடுவில் இரண்டு பேரை ஆள் மாற்றினார்கள். இங்கேயும் பணம் இருக்கிறது, பாருங்கள்.

'அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது' - டெமிங்

தர நிர்வாக நிபுணரான டெமிங் எழுதியது நேர் எதிர். அப்படி நினைப்பது பெரிய நஷ்டம் தரும் கட்டுக்கதை என்றார். தம்பியின் கடைசி ஸ்லைடில் இந்த வரி டெமிங் போட்டோவோடு இருந்தது. டீ குடிக்கும்போது சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டவர், ஐந்தாவது ஸ்லைடை எடுக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். "எம்.டி.க்கு அதுதான் சார் பிடிச்சிருந்தது."